சலூன் பெட்டியும் ஒரு வாய்ஸ் நோட்டும்

வணக்கம் மக்களே. திருவண்ணாமலை ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். கையில் டீ, ஆறி ஆடை கட்டிவிட்டது.

போன வாரம் எங்கள் ஃபேமிலி குரூப்பில் கட்சிச் சண்டை. சித்தப்பா தன் கட்சித் தலைவரையே திட்டி எப்போதோ எனக்கு மட்டும் அனுப்பிய வாய்ஸ் நோட்டை, கோபத்தில் குரூப்பில் போட்டுவிட்டேன். மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறிவிட்டார். அதற்கப்புறம்தான் இந்த ஸ்டேஷன் ஞாபகம் வந்தது.

1949 மே மாதம். கவர்னர் ஜெனரல் ராஜாஜி, கோயிலில் பாதாள லிங்கச் சன்னதியைத் திறந்துவைக்க இங்கே வந்திருந்தார். அவருக்கென்று ஒதுக்கிய தனி ரயில் பெட்டியில், அதாவது சலூனில், ஏறித் தனியாகப் பேசியவர் யார் தெரியுமா? பெரியார்! சாமியே இல்லை என்றவர். 1938இல் இந்தி எதிர்ப்புக்காக அவரைச் சிறையில் போட்டதும் இதே ராஜாஜியின் ஆட்சிதான். ஆனால் ஒருவர் சேலத்திலும் மற்றவர் ஈரோட்டிலும் நகராட்சித் தலைவராக இருந்த காலத்துப் பழக்கம் அது.

ஜூலையில் பெரியார் மணியம்மையை மணந்தார். அதனால் அவருடைய திராவிடர் கழகம் உடைந்தது, செப்டம்பரில் தி.மு.க. பிறந்தது. 'எல்லாம் ராஜாஜி சொல்லிக்கொடுத்த வேலை' என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மையில் ராஜாஜி, வயதைக் காட்டி இது வேண்டாமே என்றுதான் அந்தரங்கமாகக் கடிதம் எழுதியிருந்தார். அது வெளியே வந்தது பின்னாளில்தான். பெரியார் அதை யாருக்கும் காட்டவில்லை. பழியைச் சுமந்த ராஜாஜியும், 'நான் வேண்டாம் என்றேனே' என்று வாய் திறக்கவில்லை. சால்வை போட்டு போட்டோ எடுத்துக்கொள்வதை அரசியல் நாகரிகம் என்கிறார்கள். எனக்கு அந்தக் கடிதம்தான் பெரிதாகத் தெரிகிறது.

அதற்காக ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள் என்று நினைக்காதீர்கள். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலைக் கற்கச் சொன்ன ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தைப் பெரியார் விடாமல் எதிர்த்தார், 1954இல் ராஜாஜி பதவி விலகினார். 1967 தேர்தலில் ராஜாஜி அண்ணா பக்கம், பெரியார் காமராஜர் பக்கம்.

1972 டிசம்பர் 25, ராஜாஜி காலமானார். 93 வயதுப் பெரியாரைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சுடுகாட்டுக்குத் தள்ளி வந்தார்கள். அத்தனை பேர் முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

சரி, ரயில் வருகிறது. சித்தப்பா ஊர் நான்காவது ஸ்டேஷன். போன் செய்தால் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும்.