வேகவைத்த பயறு இல்லாமல் இந்தச் சோதனை நிற்காது

வணக்கம் மக்களே. விதை சுவாசிக்கிறது என்று பாடத்தில் படிக்கிறோம், படம் வரைந்து பாகம் குறிக்கிறோம், அத்தோடு முடிந்துவிடுகிறது. இன்றைக்கு அதை வீட்டிலேயே செய்து பார்த்துவிடலாம்.

இதோ இரண்டு பிளாஸ்க், டீ வாங்கப் போகும் அதே பிளாஸ்க்தான். ஒன்றில் முளைகட்டிய பச்சைப்பயறு. இன்னொன்றில் அதே அளவு முளைப்பயறை வேகவைத்து, சூடு முழுக்க ஆறவிட்டுப் போட்டிருக்கிறேன். இரண்டிலும் ஒரு தெர்மாமீட்டர், ஆனால் காய்ச்சல் பார்க்கிறது வேண்டாம், அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது, ஆய்வகத் தெர்மாமீட்டர்தான் வேண்டும். வாயைப் பஞ்சால் அடையுங்கள், கார்க் போட்டு இறுக்கிவிட்டால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோகும்.

மறுநாள் பார்த்தால் உயிருள்ள பயறு வெளியே இருக்கும் காற்றைவிடச் சூடாக இருக்கும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அதை ஆக்சிஜனோடு சேர்த்துச் சிதைக்கும்போது வருகிற ஆற்றலில் ஒரு பங்கு முளை வளரப் போகிறது, மிச்சம் வெப்பமாக வெளியேறுகிறது. சரி, அந்தச் சூடு பயறிலிருந்துதான் வந்தது, அறையிலிருந்து வரவில்லை என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் அந்த வேகவைத்த பயறு. பல பேர் வேலை மிச்சம் என்று விட்டுவிடுவது அதைத்தான், அது இல்லாவிட்டால் நீங்கள் எதையும் நிரூபிக்கவில்லை!

இதில் இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டால் வேகவைத்த பயறும் சூடாகும். செத்த விதை எப்படிச் சுவாசிக்கும்? சுவாசிப்பது விதை இல்லை, அதன்மேல் வளர்கிற பாக்டீரியாவும் பூஞ்சையும். அதனால்தான் இரண்டு பயறையும் முதலிலேயே லேசான கிருமிநாசினியில் அலசிவிட வேண்டும். இரண்டையும், ஒன்றை மட்டும் இல்லை.

அப்புறம் கார்பன் டை ஆக்சைடு. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஒரு ராத்திரி தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். சுட்ட சுண்ணாம்புக் கல் வேண்டாம், தண்ணீர் பட்டால் கொதிக்கும். அந்த நீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினால் பால் மாதிரி வெளுக்கும், ஊதத்தான் வேண்டும், உறிஞ்சிவிடாதீர்கள். வெளிக்காற்றிலும் இந்த வாயு 0.04 சதவீதம் இருக்கிறது, நாம் விடும் மூச்சில் 4 சதவீதம் அளவுக்கு. ஆகவே இங்கேயும் பக்கத்தில் இன்னொரு டம்ளர் வைத்து, சைக்கிள் பம்பால் வெளிக்காற்றை அடித்துப் பாருங்கள், வெளுக்க எவ்வளவு நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது என்று.

வாயை மூடிய பாட்டிலில் முளைப்பயறோடு ஒரு சின்னக் கிண்ணம் சுண்ணாம்பு நீர் வைத்தாலும் மறுநாள் அதில் வெள்ளை ஏடு படியும். பயறுக்குப் பதில் பச்சைச் செடி வைக்கிறீர்கள் என்றால் கறுப்புத் துணி போட்டு மூடிவிடுங்கள், வெளிச்சம் பட்டால் வெளிவந்த வாயுவை இலையே ஒளிச்சேர்க்கைக்கு எடுத்துக்கொள்ளும்.