பரண்ல இருக்குற பழைய புத்தகத்த எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி இத பாத்துடுங்க

வணக்கம் மக்களே, கும்பகோணத்துலேருந்து பேசுறேன், வெளில நல்ல மழை, சத்தம் கேட்டா பொறுத்துக்கங்க. நெறைய பேரு போட்டோ அனுப்பி "அண்ணே இது நூறு வருஷத்து புத்தகம், எத்தன லட்சம் போகும்"னு கேக்குறீங்க. லட்சமெல்லாம் போகாது. பழசுங்குறதுக்காக மட்டும் யாரும் காசு குடுக்க மாட்டாங்க. அந்தக் காலத்துல எக்கச்சக்கமா அடிச்சு வித்த தோத்திரப் புத்தகம் இங்க பாதி வீட்டு பூஜ ரூம்ல இன்னும் கெடக்கு, அத யாரு தேடப் போறா? ஆனா ஆபிரகாம் பண்டிதர் 1917ல தஞ்சாவூர்ல தன்னோட சொந்த அச்சகத்துலயே போட்டாரே கருணாமிர்த சாகரம்னு ஒரு இசை நூல், அந்த முதல் பதிப்பு முழுசா இருக்குன்னு சொல்லிப் பாருங்க, சங்கீதக்காரங்க வீடு தேடி வருவாங்க. தேடுற ஆளு இருக்கணும், பக்கம் எல்லாம் இருக்கணும், யாரு வீட்டு புத்தகம்னு தெரியணும். அவ்ளோதான் வியாபாரம்.

சரி, இந்தா இத பாருங்க, முன்னட்டை இல்ல, தலைப்புப் பக்கமும் போச்சு. பழைய பேப்பர் கடைல வர்றதுல முக்காவாசி இப்படித்தான் வரும். வருஷம் எப்படி கண்டுபுடிக்கிறது? மொதல்ல விலைய பாருங்க, பின்னட்டைல எங்கயாவது இருக்கும். அணான்னு போட்டிருந்தா 1957க்கு முந்தினது, நயா பைசான்னு இருந்தா 57லேருந்து 64க்குள்ள. விலையும் இல்லையா, எழுத்த பாருங்க. 'லை', 'னை' எல்லாம் துதிக்கை மாதிரி கொம்பு மேல தூக்கிட்டு நிக்குதா, அப்ப பெரும்பாலும் 1978 எழுத்து சீர்திருத்தத்துக்கு முன்னாடி அடிச்சது. சில புத்தகத்துல பார்த்திப வருஷம் ஆனி மாசம்னு மட்டும் போட்டு விட்ருப்பாங்க, பார்த்திப 1885லயும் வரும் 1945லயும் வரும், அறுவது வருஷம் சுத்தி வர்ற கணக்கு ஆச்சே, அத வச்சிக்கிட்டு 1885ன்னு விலை சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, உஷாரா இருங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது எதுன்னா தொடர்கதை பைண்டிங். பொன்னியின் செல்வன் 1950லேருந்து 54 வரைக்கும் கல்கில வாராவாரம் வந்துச்சுல்ல, மணியம் படத்தோட, அத நம்ம ஊரு பாட்டிங்க ஒவ்வொரு வாரமும் பிரிச்சு எடுத்து சேத்து வச்சு காலிகோ துணி பைண்டு போட்டு வச்சிருப்பாங்க, கடைசிப் பக்கத்துல யாரு யாருக்கு இரவல் குடுத்தாங்கன்னு பென்சில்ல ஒரு லிஸ்ட்டு வேற இருக்கும், பக்கத்துப் பக்கம் அந்தக் கால துணுக்கு, விளம்பரம்னு எல்லாமே வந்துரும். பின்னால வந்த புத்தகப் பதிப்புல இதெல்லாம் கெடைக்குமா? சில பைண்டருங்க ஓரத்த வெட்டுறேன்னு படத்தோட தலையையே வெட்டி வச்சிருப்பாங்க, அத பாத்து வாங்குங்க. முதல் பதிப்பு முதல் பதிப்புன்னு அலையறவங்க இத கண்டுக்கவே மாட்டேங்குறாங்க, எனக்கு அது நல்லதுதான்.

இப்ப சீரியஸா ஒண்ணு. புத்தகத்துல நூலக முத்திரை இருந்தா, 'கழிவு செய்யப்பட்டது'ன்னு சீல் இல்லாம இருந்தா, எவ்ளோ சீப்பா குடுத்தாலும் தொடாதீங்க, திருட்டுப் புத்தகமா இருக்கலாம். ஒரு கதை சொல்றேன். நம்ம தரங்கம்பாடில ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706ல வந்து எறங்கி, அப்புறம் ஜெர்மனிலேருந்து அச்செழுத்து வரவழைச்சு, அது பெருசா இருந்து பேப்பர முழுங்குதுன்னு இங்கயே சின்ன எழுத்து வார்த்து, 1715ல தமிழ்ல புதிய ஏற்பாடு அடிச்சு முடிச்சாங்க. அந்தப் பதிப்புல ஒரு காப்பி சரபோஜி மன்னர் கையெழுத்தோட சரஸ்வதி மகால்ல இருந்துச்சு. 2005ல காணோம். 2022ல சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு போலீசு அது லண்டன்ல இங்கிலாந்து ராஜா கலெக்‌ஷன்ல இருக்குன்னு சொன்னாங்க. தரங்கம்பாடில அடிச்சு தஞ்சாவூர்ல இருந்தது லண்டன் வரைக்கும் போயிருக்குன்னா, நடுவுல எத்தன கை மாறிருக்கும், அதுல ஒரு ஆளாச்சும் "இது எங்கேருந்து வந்துச்சு"ன்னு வாய தொறந்து கேட்டிருக்கலாம்ல? ஓலைச்சுவடி கைல வச்சிருக்கவங்களும் கேட்டுக்கங்க, இலக்கிய மதிப்போ வரலாற்று மதிப்போ உள்ள சுவடி 75 வருஷம் தாண்டிருந்தா 1972 சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு நம்ம பாட்டுக்கு பார்சல் போட முடியாது.

அப்புறம் மன்னார்குடிலேருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாப்ல, தாத்தா டிரங்குப் பெட்டிக்குள்ள ஓட்டுத் தண்ணி எறங்கி புத்தகம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சுன்னு. தம்பி, இழுத்துப் பிரிக்காத. வெயில்லயும் போடாத, அடுப்பு கிட்டயும் கொண்டு போகாத. நெழல்ல, ஃபேன் காத்துல நிமித்தி வைய்யி, தானா பிரியுற எடத்துல மட்டும் வெள்ளத் தாள் சொருகி அப்பப்ப மாத்து, நியூஸ் பேப்பர் வேணாம், மை ஒட்டிக்கும். செல்லோ டேப்ப கண்ணுலயே காட்டாத. காஞ்ச பெறகு ராமபாணப் பூச்சி வராம இருக்க துணில வசம்பு கட்டி அலமாரில போட்டு வைய்யி, அதுக்கப்புறம் மொதப் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு, பாத்துட்டு சொல்றேன்.