வெள்ளிக்கிழமையின் 30 நிமிடங்கள்: ஃபார்முலா 3 பந்தய வார இறுதி

[காட்சி: ஆஸ்திரியாவின் ஸ்பீல்பெர்க் ஓடுதளம், பின்னணியில் பசுமையான மலைச்சரிவு]

ஊட்டியிலும் குன்னூரிலும் ஞாயிறு மாலை ஃபார்முலா 1 பந்தயத்துக்காகத் தொலைக்காட்சி முன் அமர்பவர்களில் பலர், அதே ஓடுதளத்தில் அன்று முற்பகலிலேயே ஃபார்முலா 3 பந்தயம் முடிந்துவிட்டதை அறிவதில்லை. நம் நீலகிரியைப் போலவே ஏற்றமும் இறக்கமுமாக அமைந்த ஸ்பீல்பெர்க்கை எடுத்துக்கொண்டு, அந்த இளையோர் பந்தயத்தின் வார இறுதி எப்படி நடக்கிறது என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

ஃபார்முலா 3இல் 10 அணிகள், அணிக்கு மூன்று கார்கள் என மொத்தம் 30 கார்கள் ஓடுகின்றன. எல்லாமே டல்லாரா நிறுவனம் செய்த ஒரே வகைக் கார்கள். எல்லாவற்றிலும் மெக்காக்ரோம் நிறுவனத்தின் 3.4 லிட்டர் வி6 இன்ஜின், பிரெல்லி டயர். பணம் படைத்த அணி தனக்கென்று வேகமான காரைத் தனியாகச் செய்துகொள்ள முடியாது. மிஞ்சுவது ஓட்டுநரின் திறமையும், காரைத் தரையோடு அழுத்தும் இறக்கையின் கோணத்தையும் டயரின் காற்றழுத்தத்தையும் சரிபார்க்கும் இன்ஜினியரின் கணக்கும்தான்.

[காட்சி: வெள்ளிக்கிழமை, பிட் லேனிலிருந்து வரிசையாக வெளியேறும் கார்கள்]

வெள்ளிக்கிழமை 45 நிமிடப் பயிற்சி ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பின் வருவது, ஒரு சுற்றை யார் வேகமாக ஓட்டுகிறார் என்பதை வைத்துப் பந்தயங்களின் புறப்பாட்டு வரிசையைத் தீர்மானிக்கும் 30 நிமிடத் தகுதிச் சுற்று. அதுதான், என் கணிப்பில், சனி, ஞாயிறுகளில் நடக்கும் இரண்டு பந்தயங்களையும்விடக் கனமானது.

காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. ஸ்பீல்பெர்க்கின் நீளம் சுமார் 4.3 கிலோமீட்டர். அதில் 30 கார்களைச் சம இடைவெளியில் நிறுத்தினால், ஒரு காருக்கும் அடுத்ததற்கும் நடுவே 150 மீட்டர்கூட இருக்காது. உண்மையில் அவை சம இடைவெளியில் ஓடுவதுமில்லை. நேர்ப்பாதையில் முன்னே செல்லும் கார் காற்றைக் கிழித்து வழி விடுவதால், பின்னே வருபவருக்கு எதிர்க்காற்று குறைந்து வேகம் கூடுகிறது. ஸ்லிப்ஸ்ட்ரீம் எனப்படும் இந்த உதவி எல்லோருக்கும் வேண்டும், ஆனால் அதை மற்றவருக்கு வழங்க எவருக்கும் மனமில்லை. ஆகவே ஒவ்வொருவரும் முன்னால் போகாமல் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசி வளைவுகளுக்கு முன் கூட்டமாகத் திரள்கிறார்கள். அதிகம் நெருங்கினாலும் ஆபத்துதான், ஏனெனில் வளைவில் முன் காரின் கலங்கிய காற்றுக்குள் நுழையும் காருக்குத் தரையோடு அழுத்தும் விசை குறைந்து, பிடிமானம் போய்விடும்.

இதற்கிடையே டயரையும் காக்க வேண்டும். கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் உள்ளூர் ஓட்டுநர் பிரேக் சூடாகிவிடக் கூடாதென்று தாழ்ந்த கியரிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு வருவார்; இங்கோ டயர் சூடாகாவிட்டால் பிடிமானம் இல்லை, அளவுக்கு மீறிச் சூடானாலும் பிடிமானம் இல்லை. ஒரு புதிய டயர் தொகுதி தன் உச்சத்தைக் காட்டுவது ஓரிரு சுற்றுகளில் மட்டுமே. கூட்டத்தில் மெதுவாக ஊர்ந்தால் டயர் ஆறிவிடும். காத்திராமல் புறப்பட்டால் முன்னே ஆள் இல்லாமல் ஸ்லிப்ஸ்ட்ரீம் கிடைக்காது. கார்கள் ஓட ஓட ரப்பர் படிந்து தளம் வேகமாகிக்கொண்டே போவதால், பெரும்பாலும் கடைசி நிமிடங்களில்தான் சிறந்த நேரம் அமைகிறது. ஆனால் அந்த நேரத்தில் யாராவது தளத்தின் ஓரச் சரளைக்குள் போய் நின்று, சிவப்புக் கொடி காட்டி ஓட்டம் நிறுத்தப்பட்டால், காத்திருந்தவர்களின் திட்டமெல்லாம் வீண். கடைசி இரண்டு வளைவுகளில் வெள்ளைக் கோட்டை நான்கு சக்கரங்களும் தாண்டினாலும், அந்தச் சுற்றின் நேரம் நீக்கப்படும்.

[காட்சி: நேரப் பட்டியல், 12ஆம், 13ஆம் இடங்கள் பெரிதாக்கப்படுகின்றன]

சனிக்கிழமை ஸ்பிரிண்ட் ரேஸ் எனப்படும் குறும்பந்தயம். இதில் தகுதிச் சுற்றின் முதல் 12 பேரின் வரிசை தலைகீழாகும்: 12ஆம் இடம் பெற்றவர் முதலில் நிற்பார், போல், அதாவது தகுதிச் சுற்றின் முதல் இடம், எடுத்தவர் 12ஆவதாக நிற்பார். 13ஆம் இடத்தவர் இரண்டு நாளும் 13ஆவதாகவே நிற்பார். அவருக்கும் முந்தைய இடத்தவருக்கும் இடையே இருந்தது விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமாகவும் இருக்கலாம். இது காட்சிக்காகச் செய்யும் வித்தை என்று குறைகூறுபவர்கள் உண்டு. ஆனால் வேகமானவர் பின்னாலிருந்து முந்திக் காட்டவும், முன்வரிசை அனுபவம் கிடைக்காதவர் அதைத் தாங்கிக் காட்டவும் வேறு வாய்ப்பு ஏது? ஃபார்முலா 2இல் தலைகீழாவது முதல் 10 இடங்கள். பெங்களூருவைச் சேர்ந்த குஷ் மைனி 2025இல் மொனாக்கோ ஸ்பிரிண்ட் ரேஸை வென்றது அந்த முறையில் கிடைத்த முதல் இடத்திலிருந்து புறப்பட்டுத்தான். முந்துவதற்கு இடமே இல்லாத அந்த வீதிகளில், பின்னால் வருபவர்களை இறுதிவரை தடுத்து நிறுத்துவது சாதாரண வேலை அல்ல.

ஸ்பிரிண்ட் வெற்றிக்கு 10 புள்ளிகள். ஞாயிற்றுக்கிழமையின் முதன்மைப் பந்தயமான ஃபீச்சர் ரேஸ் வெற்றிக்கு 25, இரண்டாம் இடத்துக்கு 18, மூன்றாம் இடத்துக்கு 15. அன்று வெள்ளிக்கிழமை வரிசை அப்படியே நிற்கும். போல் எடுத்ததற்கு இரண்டு புள்ளிகள் தனியாக உண்டு. இரண்டைப் பார்த்து அற்பம் என்று எண்ண வேண்டாம், போலின் உண்மையான விலை ஞாயிறன்று முன்னே யாருமின்றிப் புறப்படுவதில் இருக்கிறது. ஃபார்முலா 3இல் டயர் மாற்றும் கட்டாய பிட் ஸ்டாப் கிடையாது என்பதால், பின்தங்கியவர் உத்தியால் முன்னேற வழி குறைவு. ஓடுதளத்திலேயே முந்தியாக வேண்டும், முந்தும் அவசரத்தில் தேய்த்த டயரோடு கடைசிச் சுற்றுகளையும் ஓட்டியாக வேண்டும்.

[காட்சி: இந்திய வரைபடம், கோயம்புத்தூர் ஒளிர்கிறது]

ஃபார்முலா 1இல் ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு 40 புள்ளிகள் வேண்டும். ஃபார்முலா 3 சாம்பியனுக்குக் கிடைப்பது 30, ஃபார்முலா 2 சாம்பியனுக்கு 40. இந்தப் புள்ளிகள் பந்தயப் புள்ளிகளிலிருந்து வேறானவை. ஆண்டு முடிவின் தரவரிசையைப் பொறுத்து வழங்கப்படுபவை.

இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன், 2005இல் ஜோர்டான் அணிக்கு ஓட்டியவர், நம் மலையடிவார நகரமான கோயம்புத்தூர்க்காரர். அங்கே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஒற்றை இருக்கைக் கார்களான ஃபார்முலா எல்ஜிபி பந்தயங்கள் அங்கே நடக்கின்றன. சென்னையில் 2024இல் தீவுத்திடலைச் சுற்றிய வீதிகளில் இரவில் நடந்த ஃபார்முலா 4 பந்தயம், ஃபார்முலா 1 நோக்கி ஏறும் இதே ஏணியின் கீழ்ப்படி. மேட்டுப்பாளையம் வழியாக மலையிறங்கிச் செல்லும் நீலகிரி இளைஞருக்கு, நேரில் பார்க்கக் கிடைக்கும் மிக அருகிலான ஓடுதளம் செட்டிபாளையத்தில் உள்ளதுதான்.