"முடிஞ்சுது" என்ற டிஸ்க் ஓடுகிறது, "ஓகே" காட்டியதுதான் போகப்போகிறது

வணக்கம் உறவுகளே. இன்றைக்குக் கடலும் இல்லை, மீனும் இல்லை. நிலாவெளிக் கரைவலை வீடியோவின் இரண்டாம் பாகம் எங்கே என்று கமெண்டில் பிடுங்கி எடுக்கிறீர்கள். ஏன் வரவில்லை என்பதுதான் இன்றைய கதை. பிளேன்டீ பக்கத்தில் இருக்கிறது, வழமைபோல ஆறித்தான் போகும்.

போன செவ்வாய் எடிட் செய்யும்போது கொம்பியூட்டர் திக்கத் தொடங்கியது. ஒரு கிளிப்பைத் திறந்தால் அரை நிமிடம் உறைந்து நிற்கும், பிறகு ஒன்றும் தெரியாத பிள்ளைபோல ஓடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனில் ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்த தம்பி ஐந்து நிமிடம் பார்த்தான். "அண்ணை, ஹார்ட் டிஸ்க் முடிஞ்சுது. எரர் ரெண்டாயிரத்துக்கு மேல ஏறி நிக்குது." புதுசு 18,500 ரூபா, டேட்டா மாற்றித் தர 4,000. மொத்தம் 22,500! யோசிச்சுச் சொல்றன் என்று பெட்டியைத் திருப்பித் தூக்கி வந்தேன்.

வீட்டில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தேன். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கிற ஸ்மார்ட் கணக்கைக் காட்டுகிற இலவச மென்பொருள் அது. தம்பி சொன்ன எண் உண்மையிலேயே இருந்தது, 2,143. ஆனால் எந்த வரியில்? சி7. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தரவு போய்வரும்போது எத்தனை தடவை பழுதானது என்று எண்ணுகிற வரி. கிணற்றுத் தண்ணீரில் குறையில்லை, குழாய்தான் ஒழுகுகிறது. கிணறு எப்படி என்று சொல்கிற வரிகள் 05, சி5, சி6. மூன்றும் சைபர்! கேபிளை மாற்றிப் பார்க்காமல் டிஸ்க்குக்குச் செத்தவீடு கொண்டாடியிருக்கிறான்.

சரி, கேபிள். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கிற சாட்டா கேபிள், இத்தனை நீளம்தான், ஒரு முழம்கூட இல்லை. முதல் கடையில் 1,200 ரூபா. என்ன, தங்கத்திலா செய்தது? இரண்டாவது கடையில் இல்லை. பஸ் நிலையத்துப் பக்கம் மூன்றாவது கடையில் 650, பேசி 600. சிவப்பு நிறம், முனையில் இரும்புக் கிளிப் இருக்கிறது பாருங்கள். செருகும்போது "டொக்" என்று பிடிக்கும். என்னுடைய பழையதில் கிளிப் இல்லை, விரலால் தொட்டாலே ஆடியது. டச்சு பே உப்புக்காற்று எங்கள் வீட்டில் ஆணியைக்கூட விட்டுவைக்காது, கேபிளை விடுமா என்று எனக்கொரு சந்தேகம். மாற்றிவிட்டு 200 ஜிபி கொப்பி பண்ணினேன். ஒரு தடங்கல் இல்லை. 22,500 எங்கே, 600 எங்கே! அன்றைக்கு இரவு அக்காவுக்குக் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆ, பொறுங்கள், ஒன்றை விட்டுவிட்டேன். கேபிளை மாற்றியதும் அந்த 2,143 சைபராகாது. அது பழைய கணக்கு, அழியாது. மேற்கொண்டு ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். எனக்கு இன்றுவரை அதே 2,143. இன்னொன்றும் இருக்கிறது. அந்த மென்பொருள் எண்களை ஹெக்ஸில், அதாவது இலக்கத்தோடு எழுத்தும் கலக்கிற பதினாறின் எண்முறையில் காட்டக்கூடும். எனக்கு முதலில் 85எஃப் என்று வந்தது, ஏதோ பஸ் நம்பர் மாதிரி. ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்ட் ஃபீச்சருக்குள் ரா வேல்யூஸ் போய் 10 டெக் என்று மாற்றுங்கள், நாங்கள் எண்ணுகிற வழமையான எண்ணாக வரும். வரியின் பெயர் அப்போதும் ஹெக்ஸில்தான் இருக்கும். மற்ற மென்பொருள்களில் 197 என்று வருவதுதான் இங்கே சி5.

இனிக் கவலைக் கதை. கேபிள் வெற்றிக் களிப்பில், பழைய வீடியோ எல்லாம் கிடக்கிற வெளி டிஸ்க்கையும் செருகிப் பார்த்தேன். கன்னியா வெந்நீரூற்று, கோட்டை மான்கள், கரைவலை இரண்டாம் பாகம் எல்லாம் அதற்குள்தான். விண்டோஸிடம் கேட்டால் "ஓகே" என்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் காட்டியது. 05 இல் 8, சி5 இல் 16.

05 என்றால் பழுதான இடத்தை மூடிவிட்டு, டிஸ்க் தன் கையிருப்பிலிருந்து வேறு இடம் கொடுத்த கணக்கு. சி5 என்றால் வாசிக்க முடியாமல் போய், என்ன செய்வதென்று தெரியாமல் வரிசையில் நிற்கிற இடங்கள். அதன்மேல் அடுத்த தடவை எழுதும்போதுதான் முடிவாகும், தப்பினால் தப்பும், இல்லையென்றால் 05க்குப் போய்ச் சேரும். ஆகவே சி5 இறங்கிவிட்டது என்று துள்ளாதீர்கள், 05 ஏறியதா என்று பாருங்கள்.

அப்போ ஏன் "ஓகே"? ஒவ்வொரு வரிக்கும் நிறுவனம் ஒரு மதிப்பெண் வைத்திருக்கும், 100 அல்லது 200இல் தொடங்கிக் கீழே இறங்கும். தாங்களே வைத்த எல்லைக்கு அது இறங்கினால்தான் "மோசம்" என்று வரும். 16 இடம் வாசிக்க முடியாமல் நிற்கும்போதும் மதிப்பெண் முழுசாய் இருக்கலாம். இதனால்தான் "ஆரோக்கியம் 78 வீதம்" என்று ஒற்றை எண் காட்டுகிற செயலிகளை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. எதில் 78?

கூகுள் 2007இல் தன்னுடைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்டது. இப்படி வரிசையில் நிற்கிற முதல் இடம் வந்த டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 16 மடங்கு. முதல் இடமாற்றம், அதாவது நம்முடைய 05, வந்ததற்கு 14 மடங்கு. மறுபக்கமும் கேளுங்கள், செத்த டிஸ்க்குகளில் 36 வீதத்துக்கும் மேலானவை ஒரு அறிகுறியும் காட்டாமலே போயிருக்கின்றன. இணையத்தில் பிரதி எடுத்து வைக்கிற பேக்பிளேஸ் நிறுவனம் தன் கணக்கில் பார்த்தது ஐந்தே வரிகளை, 5, 187, 188, 197, 198. இதில் 5, 197, 198 தான் நம்முடைய 05, சி5, சி6. அவர்களுக்கும் 2016இல் 23.3 வீதம் சொல்லாமல் கொள்ளாமல் போனது. எல்லாம் சைபர் என்றாலும் இன்னொரு பிரதி வேண்டும் என்று நான் கத்துவது அதனால்தான். யூபிஎஸ் வீடியோவிலும் கத்தினேன், ஒருவரும் கேட்கவில்லை.

என் டிஸ்க் 31,000 மணி நேரம் ஓடிவிட்டது, பயமாக இருக்கிறது என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருந்தார். மூன்றரை வருஷம்தானே, அதை வைத்து மட்டும் தூக்கிப் போடாதீர்கள். சீகேட் நிறுவன டிஸ்க் வைத்திருப்பவர்கள், வாசிப்புப் பிழையைக் காட்டுகிற 01 வரியில் கோடிக்கணக்கில் பார்த்துப் பதறவும் வேண்டாம். வாசித்த மொத்தக் கணக்கும் அந்த எண்ணுக்குள்ளேயே சேர்ந்திருக்கும்.

என்னுடைய வெளி டிஸ்க்கைச் சனிக்கிழமை மறுபடி பார்த்தபோது சி5 இல் 24. நான்கு நாளில் எட்டு! 16 அப்படியே நின்றிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். விண்டோஸின் டிஸ்க் சோதிக்கிற கருவியான செக்டிஸ்க் போடு என்று சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம், சாகப்போகிறவரை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புகிற வேலை அது. முதலில் கொப்பி, அதிலும் திரும்ப எடுக்க முடியாதவை முதலில்.

அதுதான் இப்போது பின்னால் நடக்கிறது. அக்காவின் கல்யாணப் படங்கள் வந்துவிட்டன, மான்கள் வந்துவிட்டன. கரைவலைக் கோப்பு 41 வீதத்தில் பத்து நிமிடமாக நிற்கிறது. ஃபேனை ஏன் நிறுத்தியிருக்கிறேன் என்று கேட்பீர்கள், வியர்த்து ஊற்றுகிறது. மைக்கைக் கிட்டக் கொண்டுபோகிறேன், கேளுங்கள். டிக்... டிக்... கேட்டதா? ஆ, 42.