கூசும் பல்லைப் பிடுங்க வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு அடிக்கடி வரும் கோரிக்கை ஒன்று உண்டு. "ஐஸ் தண்ணீர் பட்டால் உயிர் போகிறது டாக்டர், பிடுங்கிவிடுங்கள்." பல் மருத்துவர் எட்டாத தொலைவில் இருந்த தோட்டக் காலத்தில், பல்லில் வலி என்றால் பிடுங்குவதே வைத்தியம். தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமான் எனும் குடியிருப்புக்குக் குடிவந்த பிறகும் அந்த எண்ணம் நம்மை விடவில்லை. ஆனால் கூசும் பல் பெரும்பாலும் காப்பாற்றக்கூடிய பல்.

பல்லின் மேற்பகுதியை மூடியிருப்பது எனாமல். நம் உடலில் அதைவிடக் கடினமான பொருள் கிடையாது. அதற்கு உணர்ச்சியும் கிடையாது. அதன் அடியில் டென்டின். பால்மரப் பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத பால்குழாய்கள் ஓடுவதுபோல, டென்டினுக்குள்ளும் நுண்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அவற்றில் திரவம் இருக்கிறது, உள்முனையில் நரம்பு இருக்கிறது. எனாமல் தேய்ந்தோ, ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரிந்தோ, குழாய்களின் வாய் திறந்துகொண்டால் குளிர்ச்சி, இனிப்பு, வாய்க்குள் இழுக்கும் காற்று எதுவானாலும் அந்தத் திரவத்தை அசைக்கும். அந்த அசைவைத்தான் நரம்பு 'சுரீர்' என்று உணர்கிறது. 1960களில் சுவீடன் நாட்டுப் பல் மருத்துவர் பிரான்ஸ்ட்ரோம் விரிவாக ஆராய்ந்து சொன்ன விளக்கம் இது. குளிர்ச்சி திரவத்தை வெளிப்பக்கமாக இழுப்பதால்தான், சூடான தேநீரைவிட ஐஸ் மைலோ நம்மை அதிகம் துள்ள வைக்கிறது.

குழாய்களின் வாயைத் திறப்பது யார்? பல நேரங்களில் நம் கைதான். அழுத்தித் தேய்த்தால்தான் அழுக்குப் போகும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கக் கோரைப்பல்லிலும் அதற்கு அடுத்த பற்களிலும் ஈறோரத்தில் பள்ளம் விழுந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். தூரிகை முதலில் போய் இறங்கும் இடம், கை முழு பலத்தோடு இருக்கும் இடம் அது. தூரிகையின் நார்கள் சில வாரங்களிலேயே விரிந்துவிட்டால், உங்கள் கை பலமானது என்று பொருள். கரித்தூளும் உப்பும் சேர்த்துத் தேய்த்த தாத்தா காலம் போய்விட்டது என்று நினைத்தேன்; இப்போது அதே கரி பளபளப்பான டியூப்பில், நல்ல விலைக்குத் திரும்பி வந்திருக்கிறது! கூச்சம் உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது புளிப்பு. ஒட்டுக்கடையில் அமர்ந்து எலுமிச்சை பிழிந்த ஐஸ் தேநீரான ஒரு தே ஓ ஐஸ் லீமாவை ஒரு மணி நேரம் உறிஞ்சுவது சுகம்தான். ஆனால் அமிலத்தை அளக்கும் பி.எச். எண் குறையக் குறைய அமிலம் அதிகம்; வாயில் அது 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். வேர்ப்பகுதி அதற்கும் முன்பே கரையும். எலுமிச்சைச் சாறும் கேஸ் பானங்களும் அந்த அளவுக்கு வெகு கீழே இருப்பவை. எவ்வளவு குடித்தோம் என்பதைவிட எவ்வளவு நேரம் குடித்தோம் என்பதே பல்லுக்குக் கணக்கு. குடித்த கையோடு பல் துலக்கினால், இளகிய எனாமலை நாமே சுரண்டி எடுக்கிறோம். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரமாவது பொறுத்திருந்து துலக்குங்கள்.

"பல்லில் படிந்து இறுகிய காரையை எடுத்த பிறகுதான் கூச்சமே வந்தது, மெஷின் பல்லைக் கெடுத்துவிட்டது" என்று கோபித்துக்கொள்பவர்களும் உண்டு. வேரை மூடிக்கொண்டிருந்த காரை போனதால் வேர் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் சில நாள்களில் அடங்கும். காரையை அப்படியே விட்டுவைத்தால் ஈறு இன்னும் கீழே இறங்கும்.

கூச்சத்திற்கான பற்பசை வேலை செய்யுமா? செய்யும், ஆனால் அவசரக்காரர்களுக்கு அல்ல. பொட்டாசியம் நைட்ரேட் கலந்தவை நரம்பின் துடிப்பை அடக்குகின்றன; ஸ்டானஸ் ஃபுளூரைடு, ஆர்ஜினின் கலந்தவை குழாய்களின் வாயை அடைக்கின்றன. இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல் துலக்க வேண்டும். மூன்றாம் நாளே மாற்றமில்லை என்று பழைய பசைக்குத் திரும்புபவர்களுக்கு எதுவும் பலிக்காது. துலக்கியதும் நுரையைத் துப்புங்கள். வாயைக் கொப்பளித்து மருந்தைக் கழுவிவிடாதீர்கள். இரவில், கூசும் இடத்தில் சிறிது பசையை விரலால் தடவிவிட்டுத் தூங்கலாம். கிராம்பு எண்ணெய் சற்று நேரம் மரக்கச் செய்யும். அளவு மீறினால் ஈறு வெந்துவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால் கிளினிக்கில் ஃபுளூரைடு வார்னிஷ் பூசுவோம், ஈறோரப் பள்ளத்தை அடைப்போம். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்குக் கவசம் செய்து தருவோம். வேர் சிகிச்சை கடைசிப் படி.

ஒன்றை மட்டும் கூச்சம் என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சாதாரணக் கூச்சம் குளிர்ச்சி விலகியதும் சில நொடிகளில் போய்விடும். வலி பல நிமிடம் நின்றாலோ, சூட்டில் அதிகமானாலோ, இரவில் தானாக எழுந்து விண்விண்ணென்று தெறித்தாலோ, கடிக்கும்போது ஒரே பல் குத்தினாலோ, அது சொத்தையாகவோ விரிசலாகவோ இருக்கக்கூடும். அங்கே பற்பசை உதவாது. வீக்கம் இருந்தால் அன்றே வாருங்கள். வரும்போது மூன்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள்: எந்தப் பல், எது பட்டால் வலிக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது. எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே பாதி விடை அதில் கிடைத்துவிடும்.