மே மாசத்தில் பக்கத்திலேயே குளிர்ச்சி கிடைக்குமா? கொழிஞ்சாம்பாறை அம்மாவின் கேள்வி

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார்கள்: "ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்கணும் என்கிறார்கள். மாமியாருக்கு 72 வயது. வீட்டில் ராத்திரி தூங்கவே முடியவில்லை. மே மாசத்தில் நாலு நாள் பக்கத்திலேயே எங்கே போகலாம்?"

இதைப் படித்து நாலு நாளாகிறது. "ராத்திரி தூங்கவே முடியவில்லை" என்ற அந்த வரி மனசை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இ-பாஸ் 2024 மே மாசம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் வந்தது. எடுப்பது பெரிய வேலையில்லை. ஆனால் சீசனில் ஊட்டி ரோட்டில் வண்டி ஊர்ந்து போகும்போது 72 வயதுக்காரரை உட்கார வைத்திருக்க வேண்டாம் என்பேன். நீங்கள் இருக்கும் இடத்துக்கு நெல்லியாம்பதி மலைதான் பக்கம். நெம்மாறை, போத்துண்டி அணை, அப்புறம் மலை ஏற்றம். பாலக்காட்டிலிருந்து பஸ்ஸும் உண்டு. காலையிலேயே ஏறிவிடுங்கள், மாலையில் செக்போஸ்ட்டில் விடமாட்டார்கள். ஜூன் பிறந்து மழை பிடித்துவிட்டால் வேண்டாம். 2018 ஆகஸ்ட் மழையில் மண் சரிந்து அந்த ரோடே துண்டித்துப் போனது.

ஏன் நெல்லியாம்பதி? தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்வேன் என்று தெரியும். ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். 1,000 மீட்டர் ஏறினால் சுமாராக ஆறரை டிகிரி குறையும். கீழே 38 என்றால் அங்கே 32-ஐ ஒட்டி இருக்கும். பகலில் பெரிய வித்தியாசமாகத் தெரியாது, ராத்திரிதான் தெரியும். போர்வை கேட்பீர்கள்.

ஆனால் உயரம் மட்டும் பார்த்து நானே ஏமாந்திருக்கிறேன். சில வருஷத்துக்கு முன் ஒரு மே மாசம், மூணாறுக்குப் பக்கம்தானே என்று அம்மாவை உடுமலை, சின்னார் வழியாக மறையூருக்கு அழைத்துப்போனேன். மறையூரும் கிட்டத்தட்ட 1,000 மீட்டர்தான். போய் இறங்கினால் நல்ல வெயில்! சந்தன மரம் இயற்கையாக வளரும் காடு, கரும்பு வயல், வெல்லம் காய்ச்சும் கொட்டகை. இதெல்லாம் வெயில் காயும் ஊரின் அடையாளம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. மேற்கிலிருந்து வரும் மழையை மூணாறுப் பக்கத்து மலைகள் வாங்கிக்கொள்கின்றன. மறையூர் மழை மறைவில் உட்கார்ந்திருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் அங்கிருந்து மேலே காந்தளூருக்குப் போனோம். சாயங்காலம் ஸ்வெட்டர் எடுக்க வேண்டியிருந்தது. அதனால் உயரத்தோடு, மலையின் எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள்.

சரி, அந்த வரிக்கு வருகிறேன். நாலு நாள் மலையில் தூங்கிவிட்டுத் திரும்பி வந்தால் அதே அறை, அதே கட்டில். மீதி வெயில் நாள் முழுக்க உங்கள் மாமியார் எப்படித் தூங்குவார்கள்? என்னிடம் இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி கீழே இறக்கும். ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், தரை இன்னும் சுடும். அந்தச் சூடுதான் ஃபேன் வழியாக நம் முகத்தில் அடிக்கிறது. போன வருஷம் அம்மா படுக்கும் அறைக்கு மேலே மட்டும் சுண்ணாம்பில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கோட்டிங் அடித்தேன். சாயங்காலம் ஒன்று, மறுநாள் சாயங்காலம் ஒன்று. மறுநாள் ராத்திரியே ஒரே மாடியில் இரண்டு தரை! வெள்ளை அடித்த பக்கம் கால் வைக்க முடிந்தது, அடிக்காத பக்கம் முடியவில்லை. அதற்கு மேல் தென்னங்கீற்று பரப்பினால் இன்னும் நல்லது. காலை ஒன்பது மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுங்கள். வெளிக்காற்று குளிர்ந்த பிறகு எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், பகலில் காற்று வரட்டும் என்று திறந்து வைத்து அனலை உள்ளே விடுகிறார்கள்.

நெல்லியாம்பதிக்குக் கட்டாயம் போய் வாருங்கள், அம்மா. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் எனக்கு ஒன்று எழுதுங்கள்: உங்கள் மாமியார் படுக்கும் அறைக்கு மேலே தளமா, ஓடா?