மெர்ஜ் யூனியன் வேண்டாம்: என் பழைய பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன்

வணக்கம் நண்பர்களே, கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். சித்தூரில், அதாவது நம் பாலக்காட்டுச் சித்தூரில், ஓர் அரிசி ஆலைக்கு நான் பில் மென்பொருள் எழுதிக் கொடுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். புதிய பதிப்போடு அனுப்பிய சேஞ்ச்லாகை, அதாவது மாற்றங்களின் பட்டியலைப் படித்த ஆலைக்காரர், “தம்பி, மூட்டைக் கணக்கை ரெண்டு வாட்டி சரி பண்ணினதா போட்டிருக்கே, அப்போ மொத வாட்டி சரியாகலையா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை இரவெல்லாம் உறுத்தியது.

திருத்தம் ஒன்றுதான். நிரலின் முதன்மைக் கிளையில் (தொடர்ந்து வேலை நடக்கும் பிரதி) செய்ததை, 2.4 பதிப்புக்கான வெளியீட்டுக் கிளைக்குச் செர்ரி-பிக் செய்து, அதாவது அந்த ஒரு மாற்றத்தை மட்டும் நகலெடுத்து, அங்கே சேஞ்ச்லாக் பதிவின் வாசகத்தைச் சற்று மாற்றினேன். பிறகு இரண்டு கிளைகளையும் இணைத்தபோது, நிரலின் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் என்ற கருவி எதுவும் கேட்காமல் இரண்டு வரிகளையும் வைத்துக்கொண்டது. காரணம், எந்தக் கோப்பை எப்படிக் கையாள்வது என்று கிட்டுக்குச் சொல்லும் கிட்ஆட்ரிப்யூட்ஸ் கோப்பில் சேஞ்ச்லாகுக்கு நான் போட்டிருந்த ‘மெர்ஜ் யூனியன்’ என்ற அமைப்பு. எல்லாரும் ஒரே கோப்பின் தலையில் வரி சேர்ப்பதால் வரும் மோதல்களை, அதாவது எந்த வரியை வைப்பது என்று கிட் நின்று கேட்பதைத் தவிர்க்க, முன்பொரு காணொளியில் அதை உங்களுக்கும் பரிந்துரைத்தேன். அது மோதலைத் தீர்ப்பதில்லை, இரு பக்க வரிகளையும் அடுக்கிவிட்டு மறைக்கிறது. அந்த அமைப்பு எனக்கு இனி அறவே பிடிக்காது.

இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் டிக்கெட் எண்ணை (ஒவ்வொரு பிழைக்கும் வேலைக்கும் கொடுக்கும் எண்) பெயராகக் கொண்ட தனிக் கோப்பு எழுதி, வெளியீட்டின்போது எல்லாவற்றையும் தொகுக்கிறேன். பைத்தான் உலகில் டவுன்கிரையர் என்ற கருவி செய்வதும் இதுதான். நேற்று வேண்டுமென்றே இரு கிளைகளிலும் 418 என்ற கோப்பை வெவ்வேறு வாசகத்தில் எழுதி இணைத்துப் பார்த்தேன். கிட் நின்றது! ஒன்றில் ‘மூட்டை எடை திருத்தம்’ என்றும், மற்றொன்றில் ‘75 கிலோ மூட்டையில் சாக்கின் எடை கழிக்கப்படாத பிழை திருத்தப்பட்டது’ என்றும் இருந்தன, இரண்டாவதை வைத்துக்கொண்டேன். அந்த மோதல் செய்தியைப் பார்த்து இவ்வளவு மகிழ்ந்தது இதுவே முதல் முறை.

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். வெளியீட்டுக் கிளையில் தொகுத்து முடித்ததும் அந்தக் கோப்புகளை முதன்மைக் கிளையிலும் அழித்துவிடுங்கள். வெளியீட்டுக் கிளையில் சேர்த்து அங்கேயே அழித்த கோப்பு, இணைப்பின்போது கிட்டுக்கு இல்லாததற்குச் சமம். ஆகவே முதன்மைக் கிளையில் இருப்பது அப்படியே தங்கி, அடுத்த பதிப்பில் அதே பதிவு மறுபடி வந்து நிற்கும்.

கமிட் செய்திகளிலிருந்து, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் கிட்டில் சேமிக்கும்போது எழுதும் குறிப்புகளிலிருந்து சேஞ்ச்லாக் தயாரிப்பவர்கள், செர்ரி-பிக் செய்தால் ஹாஷ் என்ற அடையாள எண் மாறிவிடும் என்பதை நினைவில் வைத்து, கட்டளையில் எக்ஸ் (-x) விருப்பத்தைச் சேர்த்தே செய்யுங்கள். மூலக் கமிட்டின் எண் செய்தியிலேயே பதிந்துவிடும், அதை வைத்து இரட்டைப் பதிவை ஸ்கிரிப்ட் கழித்துவிடலாம்.

திருத்திய சேஞ்ச்லாகை இன்று காலை ஆலைக்கு அனுப்பிவிட்டேன். மூட்டைக் கணக்கு அதில் ஒரே வரிதான்.